முழங்காலுக்குக் கீழே எரியும் தீ: மழைக்காடுகள் நின்றபடியே தேய்வது எப்படி?

பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, 2024 நவம்பரில் நல்ல செய்தி ஒன்றைச் சொன்னது. 2023 ஆகஸ்டு தொடங்கி 2024 ஜூலை முடிய பிரேசில் அமேசானில் அழிக்கப்பட்ட காட்டின் பரப்பு சுமார் 6,300 சதுர கிலோமீட்டர். முந்தைய ஆண்டைவிட 30 விழுக்காடு குறைவு. 2015க்குப் பிறகு பதிவானவற்றில் மிகக் குறைந்த எண். அரசு மகிழ்ந்தது, மகிழக் காரணமும் இருந்தது. ஆனால் அதே 2024இல் அமேசான் படுகை முழுவதிலுமாக ஏறத்தாழ 33 லட்சம் ஹெக்டேர் காடு தீயால் பாதிக்கப்பட்டதாகவும், 79 கோடி டன் கரியமில வாயு வெளியேறியதாகவும் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் பின்னர் கணக்கிட்டது. 33 லட்சம் ஹெக்டேர் என்றால் 33,000 சதுர கிலோமீட்டர். முதல் எண் பிரேசிலுக்கு மட்டுமானது. இரண்டாவது பொலிவியா உள்ளிட்ட படுகை நாடுகள் எல்லாவற்றுக்குமானது. அளந்த மாதங்களும் வேறு. எனவே ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்ப்பது முறையாகாது. இருந்தாலும், காடழிப்பு குறைந்த ஓர் ஆண்டில் காடு இந்த அளவுக்கு எப்படி எரிந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது.

காடழிப்புக் கணக்கில் சேர்வது வெட்டித் தரைமட்டமாக்கப்பட்ட நிலம் மட்டும். தீ புகுந்து போன காடோ பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஓரிரு ஆண்டுகளில் மேலிருந்து பார்த்தால் பச்சையாகவும் தெரியும். வரைபடத்தில் அதன் நிறம் மாறாது, சட்டத்தின் கண்ணிலும் அது காடுதான். உள்ளே போய் மரங்களை எண்ணினால்தான் இழப்பு தெரியவரும். இதைத்தான் ஆய்வாளர்கள் காட்டின் சீரழிவு என்கிறார்கள். வெப்பமண்டல மழைக்காடுகளுக்கு இன்று காடழிப்புக்கு நிகரான ஆபத்தாக அது வளர்ந்திருக்கிறது. சில ஆண்டுகளில் அதை முந்தியும் விடுகிறது.

மேலே போகுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அமேசானில் தீ என்றதும் நம் கண்முன் வரும் படங்களில் மூன்று வெவ்வேறு தீக்கள் கலந்திருக்கின்றன. முதலாவது, வெட்டிச் சாய்த்த மரங்களைச் சில மாதங்கள் காயவிட்டு வைக்கும் தீ. காட்டை மேய்ச்சல் நிலமாக்கும் வேலையின் கடைசிக் கட்டம் அது. இரண்டாவது, ஏற்கெனவே இருக்கும் மேய்ச்சல் நிலத்தில் களையையும் புதரையும் ஒழிக்க வைக்கும் தீ. மூன்றாவது, இந்த இரண்டிலிருந்தும் தப்பி, நிற்கும் காட்டுக்குள் நுழைந்துவிடும் தீ. 2019 ஆகஸ்டில் சாவோ பாவ்லோ நகரின் வானம் பட்டப்பகலில் இருண்டபோது உலகம் பதறியது. அந்த ஆண்டின் அமேசான் தீக்களில் பெரும்பகுதி முதல் இரண்டு வகை. 2024இல் மூன்றாவது வகை மேலோங்கியது. இந்தக் கட்டுரையின் அக்கறை அதன்மேல்தான்.

எரியாத காடு

கைபடாத மழைக்காட்டுக்குத் தீ வைப்பது எளிதல்ல. 30, 40 மீட்டர் உயரத்தில் இலைக் கூரை வெயிலை மறித்து நிற்கிறது. தரைக்கு வந்து சேரும் ஒளி நூற்றில் ஓரிரு பங்குதான். காற்று உள்ளே வீசுவதில்லை. மரங்கள் வெளிவிடும் நீராவி கூரைக்கடியில் தங்கிவிடுவதால், வெளியே வெயில் கொளுத்தும் நாளிலும் சருகு ஈரமாகவே கிடக்கும். வறண்ட மாதங்களில்கூட இலைகள் உதிராமல் இருப்பதற்கு ஆழமான வேர்கள் காரணம். கிழக்கு அமேசானின் பராகோமினாஸ் பகுதியில் டேனியல் நெப்ஸ்டாடின் குழு 1990களில் தோண்டிப் பார்த்தபோது மர வேர்கள் 18 மீட்டர் ஆழம்வரை இறங்கியிருந்தன. மேல்மண் காய்ந்த பிறகும் அடியிலிருந்து நீர் இறைத்து இலையைப் பச்சையாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

அதே பராகோமினாஸில் கிறிஸ்டோபர் உல், பூன் காஃப்மன் இருவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிக்கத் தக்கது. மழை பெய்து ஒரு நாள் கழிந்தாலே மேய்ச்சல் நிலம் பற்றிக்கொள்கிறது. மரம் வெட்டி எடுக்கப்பட்ட காடு, மழையில்லாத ஐந்தாறு நாள்களில் எரியத் தயாராகிவிடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் கைபடாத காடு, ஒரு மாதத்துக்கு மேல் மழை இல்லாவிட்டாலும் தீயை ஏற்பதில்லை. மண்ணும் வெயிலும் ஒன்றுதான். மேலே கூரை இருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

மின்னலால் தீ பிடிக்காதா என்று கேட்கலாம். மழைக்காட்டில் மின்னல் மழையோடு சேர்ந்தே வருகிறது. அதனால் அது பற்றவைக்கும் தீ நிலைப்பது அரிது. மண்ணுக்கடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள கரித்துண்டுகள் கிடைக்கின்றன என்பது உண்மை. பெரும் வறட்சிகளிலும், பழங்குடிகள் நிலம் திருத்திய இடங்களிலும் காடு எரிந்திருக்கிறது. ஆனால் ஒரே இடம் மீண்டும் எரிய நூற்றாண்டுகள் ஆகும், பல இடங்களில் ஆயிரம் ஆண்டுகூட ஆகும். இன்று அமேசானின் தெற்கு, கிழக்கு விளிம்புகளில் அந்த இடைவெளி ஒரு மனிதரின் ஆயுளுக்குள் வந்துவிட்டது. இன்றைய தீ அநேகமாக எல்லாமே மனிதர் வைத்ததிலிருந்து கிளம்பியவை.

இந்த நீண்ட இடைவெளிதான் மரங்களின் உடலில் பதிந்திருக்கிறது. மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளியான ஆப்பிரிக்கச் சவன்னாவிலும், அதைப் போன்ற பிரேசிலின் செஹாடோவிலும் உள்ள மரங்கள் தீயோடு சேர்ந்து பரிணமித்தவை. அவற்றின் பட்டை தடிமனானது, தக்கைபோல் வெப்பத்தைத் தடுப்பது. எரிந்தாலும் வேரடியிலிருந்து துளிர்க்கும். மழைக்காட்டு மரத்துக்கு அந்தப் பழக்கமே இல்லை. பல இனங்களின் பட்டை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. பட்டைக்கு உட்புறம், மரத்தைப் பருக்கவைக்கும் வளர்திசு மெல்லிய உறையாகச் சுற்றியிருக்கிறது. அது 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினாலே செத்துவிடும். மரத்தைச் சுற்றிலும் அந்த உறை செத்தால் மரமும் செத்ததுதான், இலை மட்டும் சில மாதம் பச்சையாக இருந்து ஏமாற்றும்.

முதல் தீ

கலிபோர்னியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ மர உச்சிகளில் தாவிப் பாயும் தீயைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மழைக்காட்டின் முதல் தீ ஏமாற்றமாக இருக்கும். சுடர் பத்து, இருபது, மிஞ்சினால் முப்பது சென்டிமீட்டர். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட உயரம்தான். சருகை மட்டும் தின்றுகொண்டு, மெல்லிய கோடாக, நிமிடத்துக்குக் கால் மீட்டர் என்ற அளவில் ஊர்கிறது. மனிதர் தாண்டிப் போய்விடலாம். இரவில் ஈரம் ஏறியதும் பல இடங்களில் தணிந்து, மறுநாள் வெயில் ஏறியதும் கட்டையில் கனன்ற நெருப்பிலிருந்து மீண்டும் கிளம்பும். ஒரு நாளில் சில நூறு மீட்டர் முன்னேறும். ஆனால் இப்படி வாரக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

அந்த மெதுவான போக்கே மரத்துக்கு எமன். வேகமாக ஓடும் தீ அடிமரத்தைச் சில நொடிகளில் கடந்துவிடும். ஊர்ந்து போகும் தீயோ ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று நிதானமாகச் சுடுகிறது, வெப்பம் பட்டைக்குள் இறங்க நேரம் கிடைக்கிறது. பரா மாநிலத்தின் டாய்லான்டியா பகுதியில் மார்க் கோக்ரேனும் உடன் ஆய்வாளர்களும் கண்டு 1999இல் எழுதியது இது: முதல் தீயில், 10 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரங்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சாகின்றன. ஆனால் சாவது பெரும்பாலும் மெலிந்த மரங்கள். பருத்தவற்றின் பட்டை கொஞ்சம் தடிப்பானது என்பதால் அவை அப்போதைக்குப் பிழைக்கின்றன, அவற்றோடு காட்டின் எடையில் பெரும்பங்கும் தப்புகிறது.

அப்போதைக்கு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பசிபிக் கடல் சூடேறுவதால் வரும் எல் நினோ, 1997–98இல் கொண்டுவந்த வறட்சியில் எரிந்த அமேசான் காடுகளை ஜாஸ் பார்லோவும் கார்லோஸ் பெரஸும் அடுத்த ஆண்டும், பின்னர் மூன்றாம் ஆண்டும் அளந்தார்கள். தீக்கு மறு ஆண்டு நன்றாக நின்ற பெருமரங்கள் மூன்றாம் ஆண்டுக்குள் ஏராளமாகச் செத்திருந்தன. அடிமரத்தில் தீ போட்ட காயத்தின் வழியே பூஞ்சையும் பூச்சியும் நுழைகின்றன. சுற்றிலும் துணைமரங்கள் போனதால் காற்றின் அடி நேராக விழுகிறது. வேர் பாதி கருகியிருக்கிறது. ஓராண்டுக் கணக்கை வைத்துச் சொன்ன இழப்பு, மூன்றாண்டுக் கணக்கில் இரண்டு மடங்கைத் தாண்டியது. தீ அணைந்த மறு மாதம் விமானத்தில் பறந்து பார்த்துவிட்டு “பெரிய சேதமில்லை” என்று அறிக்கை எழுதுவது எவ்வளவு அபத்தம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உயிரினங்களின் இழப்பு இதே வரிசையில் நடப்பதில்லை. அது உடனடியாகத் தொடங்குகிறது. ஆமை போல ஓட முடியாதவை தீக்கோட்டிலேயே சாகின்றன. பறந்து தப்பியவற்றுக்கும் திரும்பிவர இடமில்லை. காட்டின் இருண்ட கீழ்த்தளத்தில் சருகைக் கிளறிப் பூச்சி தின்னும் பறவைகள், படையெறும்புகளைத் தொடர்ந்து போய் வயிறு வளர்ப்பவை ஆகியன எரிந்த காட்டில் காணாமல் போகின்றன. வெளிச்சத்தையும் திறந்தவெளியையும் விரும்பும் பொதுவான இனங்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. பறவைகளின் மொத்த எண்ணிக்கை குறையாமல்கூட இருக்கலாம். ஆனால் அவை வேறு பறவைகள். பழம் தின்று பெரிய விதைகளைச் சுமந்து போகும் குரங்கும் பெரும் பறவைகளும் குறைந்தால், அந்த விதைகளை நம்பியிருக்கும் வன்மரங்கள் அடுத்த தலைமுறையை இழக்கின்றன. இதன் விளைவு கண்ணுக்குத் தெரிய அரை நூற்றாண்டு ஆகும்.

இரண்டாவது தீ

முதல் தீயின் உண்மையான கேடு, அது இரண்டாவதற்கு வழி திறந்துவிடுவதுதான். செத்த மரங்கள் இலையையும் கிளையையும் தரையில் கொட்டுகின்றன, எரிபொருள் குவிகிறது. கூரையில் விழுந்த ஓட்டைகள் வழியாக வெயிலும் காற்றும் இறங்கி அதை உலர்த்துகின்றன. முன்பு ஒரு மாதம் மழையில்லாமல் இருந்தாலும் எரியாத தரை, இப்போது சில நாள்களிலேயே தயாராகிவிடுகிறது. அடுத்த வறட்சியில் பக்கத்து மேய்ச்சல் நிலத்துத் தீ மீண்டும் எட்டிப் பார்த்தால், அதன் சுடர் முன்னதைவிட உயரம், வேகமும் வெப்பமும் அதிகம். முதல் தடவை பெருமரங்களைக் காத்த பட்டை இப்போது போதவில்லை. கோக்ரேன் குழு கண்ட முக்கியமான செய்தி இதுதான்: இரண்டாவது தீயில் பெரியது சிறியது என்ற பாகுபாடு அநேகமாக மறைந்துவிடுகிறது. முதல் தீயில் தப்பிய எடை இப்போது சரிகிறது. மூன்றாவது தீ வந்தால் அங்கே காடு என்று சொல்ல மிஞ்சுவது சொற்பம்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மாட்டோ குரோசோ மாநிலத்தின் டங்குரோ பண்ணையில், இபாம் என்ற பிரேசில் ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வு மையமும் 2004இல் ஒரு துணிச்சலான சோதனையைத் தொடங்கின. அடுத்தடுத்து மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் 50 ஹெக்டேர். ஒன்றை எரிக்காமல் விட்டார்கள், ஒன்றை ஏறக்குறைய ஆண்டுதோறும் எரித்தார்கள், மூன்றாவதை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எரித்தார்கள். முதல் சில ஆண்டுகளில் காடு எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தாங்கியது. ‘அமேசான் அவ்வளவு பலவீனமானதல்ல போலிருக்கிறது’ என்று சொல்லும் நிலை வந்தது. அப்போது 2007 வறட்சி வந்தது. அந்த ஆண்டின் தீயில் மரச்சாவு பல மடங்கு எகிறியது. அதிலும், ஆண்டுதோறும் எரித்த துண்டைவிட மூன்றாண்டுக்கு ஒருமுறை எரித்த துண்டில் அடி பலமாக இருந்தது. இடைவெளியில் சருகு சேர்ந்திருந்ததே காரணம். காட்டின் ஓரத்தில் கூரை திறந்ததும், பக்கத்து நிலங்களிலிருந்து புல் உள்ளே வந்தது. கால்நடைத் தீவனத்துக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த புல்வகைகளும் அதில் இருந்தன. புல் வந்துவிட்டால் தீயின் தன்மையே மாறிவிடுகிறது. ஊரும் தீ ஓடும் தீயாகிறது.

பாவ்லோ பிராண்டோவும் உடனிருந்தவர்களும் 2014இல் வெளியிட்ட இந்த முடிவுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, தீயும் வறட்சியும் தனித்தனியே செய்யும் சேதத்தைக் கூட்டினால் கிடைக்கும் எண்ணைவிட, இரண்டும் சேரும்போது நேரும் சேதம் மிக அதிகம் என்பதே. சராசரி ஆண்டுகளை வைத்து மழைக்காட்டின் எதிர்காலத்தைக் கணிக்கும் எவரும் தவறிவிடுவார்கள். காட்டின் விதியைத் தீர்மானிப்பவை 1997–98, 2005, 2010, 2015–16, 2023–24 போன்ற சில கெட்ட ஆண்டுகள். 1902 முதல் மனாவுஸ் துறைமுகத்தில் நீர்மட்டம் அளக்கப்படும் நீக்ரோ ஆறு, 2023 அக்டோபரில் அதுவரை காணாத தாழ்வுக்கு இறங்கியது. 2024 அக்டோபரில் அதற்கும் கீழே போனது. கெட்ட ஆண்டுகளுக்கிடையே காட்டுக்கு மூச்சுவிடக் கிடைத்த இடைவெளி சுருங்குகிறது.

அதற்காக, எரிந்த காடெல்லாம் சவன்னா ஆகிவிடும் என்று சொல்வதும் மிகை. செய்திகளில் அந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. டங்குரோவில் எரிப்பதை நிறுத்திய பிறகு உட்பகுதியில் மரக்கன்றுகள் எழுந்தன, கூரை மெல்ல மூடியது, நிழல் விழுந்த இடங்களில் புல் பின்வாங்கியது. பெரும்பாலான இடங்களில் எரிந்த மழைக்காடு நல்ல சவன்னாவாகவும் ஆவதில்லை, பழைய காடாகவும் திரும்புவதில்லை. செக்ரோப்பியா போன்ற, வேகமாக வளர்ந்து சீக்கிரம் சாகும் மெல்லிய மரங்களும் கொடிகளும் மண்டிய ஒரு வறிய காடாக நின்றுவிடுகிறது.

ஓட்டை போடுபவர்கள்

தீ உள்ளே வர யாரோ கதவைத் திறந்துவைக்க வேண்டும். மரவெட்டு அதைத்தான் செய்கிறது. ஒரு ஹெக்டேரில் நாலைந்து விலைமதிப்புள்ள மரங்களை மட்டும் எடுத்தாலும், அவை விழும்போது பக்கத்து மரங்களையும் கொடிகளோடு இழுத்துச் சாய்க்கின்றன. இழுத்துப்போகும் வண்டித்தடங்கள் கூரையைக் கீறுகின்றன. வெட்டிக் கழித்த கிளைகள் அங்கேயே கிடந்து காய்கின்றன. இந்தோனேசியாவில், போர்னியோ தீவின் கிழக்குக் கலிமந்தானில் 1982–83 எல் நினோவின்போது 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தபோது, மரம் வெட்டிய காடுகள் வெட்டாதவற்றைவிட மோசமாக அடிபட்டன. 1997–98இல் அதே மாநிலத்தில் 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிலம் தீக்கு இரையானது. செயற்கைக்கோள் படங்களை வைத்து 2001இல் வந்த ஆய்வும் அதையே உறுதிசெய்தது: அண்மையில் மரம் வெட்டிய காடுகளில்தான் சேதம் அதிகம்.

விளிம்பு இன்னொரு கதவு. காட்டை நடுவே பிளந்து மேய்ச்சல் நிலமோ சாலையோ வந்தால், காட்டின் ஓரம் வெயிலுக்கும் வறண்ட காற்றுக்கும் திறந்துகொள்கிறது. மனாவுஸுக்கு வடக்கே 1979இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் துண்டுக்காட்டு ஆய்வு, விளிம்பிலிருந்து 300 மீட்டர் வரையுள்ள பெருமரங்கள் வழக்கத்தைவிட வேகமாகச் சாவதைக் காட்டியிருக்கிறது. தீ அதைவிட ஆழமாகப் போகும்; வறண்ட ஆண்டுகளில் விளிம்பிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளேயும் எரிந்த தடங்கள் பதிவாகியுள்ளன. எனவே ஒரு காட்டின் மொத்தப் பரப்பை மட்டும் சொல்வதால் பயனில்லை. ஒரே துண்டாக இருக்கிறதா, கிழிந்த துணிபோல் இருக்கிறதா என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அது எவ்வளவு எரியும் என்று தெரியும்.

ஈரமான இடங்களே பலவீனமானவை

ஆற்றோர வெள்ளக்காடுகள் ஆண்டில் பல மாதங்கள் நீரில் மூழ்கியிருப்பவை. அவை தீக்குப் பயப்படத் தேவையில்லை என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. நீக்ரோ போன்ற கறுப்புநீர் ஆறுகளின் ஓரத்திலுள்ள இகப்போ காடுகளில், சத்தற்ற மண்ணின்மேல் மெல்லிய வேர்களும் மக்காத இலைகளும் பின்னிய ஒரு தடித்த மெத்தை இருக்கிறது. மூழ்கியிருக்கும் மாதங்களில் இலை மக்குவதில்லை, அதனால் அது சேர்ந்துகொண்டே போகிறது. கடும் வறட்சியில் நீர் வடிந்து அந்த மெத்தை காய்ந்தால், தீ மேலே சுடர்விடாமல் மெத்தைக்குள்ளேயே கனன்று வேர்களைச் சுட்டுவிடுகிறது. அநேகமாக எல்லா மரங்களும் ஒரே தடவையில் சாகின்றன.

பெர்னார்டோ ஃபுளோரஸ் நடு நீக்ரோ பகுதியில் செய்த ஆய்வுகள் அதற்குப் பின் நடப்பதைக் காட்டுகின்றன. வேர்மெத்தை போனதும் ஆண்டுதோறும் வரும் வெள்ளம் மேல்மண்ணின் களிமண்ணையும் சத்தையும் அரித்துக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெண்மணல். அதில் காட்டு மரம் முளைப்பதில்லை. வெண்மணல் சவன்னாவின் செடிகளும் புற்களும் குடியேறுகின்றன. இரண்டாவது தீ வந்தால் காடு திரும்பும் வாய்ப்பு இன்னும் மங்குகிறது. சவன்னா என்ற எச்சரிக்கை பொருந்தும் இடம் இருக்கிறதென்றால் அது இங்கே, அமேசானின் ஈரமான நடுப்பகுதியில் என்பது விசித்திரம்தான்.

இந்தோனேசியாவின் பீட் நிலங்கள் இதே கதையின் பெரிய வடிவம். பீட் என்பது நீரில் மூழ்கி மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த தாவர எச்சம். பல மீட்டர் ஆழத்துக்குக் கரிமம் (கார்பன்). நீர் தேங்கி நிற்கும்வரை அது எரியாது. 1990களின் நடுவில் சுகார்த்தோ அரசு மத்திய கலிமந்தானில் சுமார் 10 லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கும் திட்டத்தை அறிவித்து, 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டியது. நீர் வடிந்தது, நெல் விளையவில்லை, 1999இல் திட்டம் கைவிடப்பட்டது. இடையில் 1997 எல் நினோ வந்து, வடிந்து காய்ந்த பீட் பற்றிக்கொண்டது. சராசரியாக அரை மீட்டர் ஆழத்துக்கு நிலமே எரிந்துபோனதாக சூசன் பேஜ் குழு கணக்கிட்டது. அந்த அரை மீட்டர் சேரச் சில நூற்றாண்டுகள் ஆகும். 1997இல் இந்தோனேசியப் பீட் தீக்களும் காட்டுத் தீக்களும் வெளியிட்ட கரிமம் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை இருக்கலாம் என்றது அக்குழு. அந்நாளில் உலகமே நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து ஓராண்டில் வெளியிட்டதில் 13 முதல் 40 விழுக்காடு. வரம்பு அகலமானது, கீழ் எண்ணை எடுத்துக்கொண்டாலும் திகைப்பு குறையவில்லை. 2015இல் மீண்டும் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தபோது, இந்தோனேசியாவுக்கு நேர்ந்த பொருளிழப்பை உலக வங்கி 1,600 கோடி டாலர் என மதிப்பிட்டது.

முப்பது ஆண்டுக் கடன்

தீயின்போது எழும் புகையில் போகும் கரிமம் முதல் தவணை மட்டும். டப்பஜோஸ் ஆற்றின் கீழ்ப்பகுதி பிரேசில் அமேசானில் 1.2 விழுக்காடு பரப்பு. 2015–16 எல் நினோவின் வறட்சியும் தீயும் அங்கே ஏறத்தாழ 250 கோடி மரங்களையும் கொடிகளையும் கொன்றதாகவும், 49.5 கோடி டன் கரியமில வாயுவுக்கு அது சமம் என்றும் எரிகா பெரங்கேர் தலைமையிலான குழு 2021இல் வெளியிட்டது. மரங்கள் சாவது மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. அதற்குள் புது வளர்ச்சி ஈடுசெய்தது அந்த வெளியேற்றத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்று மிஞ்சும், அவ்வளவே.

எத்தனை ஆண்டில் பழைய நிலை திரும்பும்? அமேசானில் வெவ்வேறு காலங்களில் எரிந்த காடுகளை ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வில், எரிந்து 31 ஆண்டுகள் ஆன காடுகளிலும் கரிமச் சேமிப்பு எரியாதவற்றைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவாகவே இருந்தது. வளர்ச்சி இல்லாமல் இல்லை. ஆனால் அடர்ந்த வைரம் பாய்ந்த மரங்கள் இருந்த இடத்தில் மென்மரங்கள் வளர்கின்றன. அதே உயரம், அதே பருமன், எடையில் பாதி. பெருமரங்களோ இன்னமும் செத்துக்கொண்டிருக்கின்றன. வரவும் செலவும் முப்பது ஆண்டு இழுபறியில் நிற்கின்றன, இடையில் இன்னொரு தீ வராமல் இருந்தால்.

உயிர்ப்பன்மையில் இதற்கு இணையான ஒரு கணக்கை, பரா மாநிலத்தை வைத்து பார்லோவும் பலரும் 2016இல் போட்டார்கள். பிரேசிலின் வனச்சட்டம் அமேசான் நிலவுடைமையாளர்களை 80 விழுக்காடு காட்டை விட்டுவைக்கச் சொல்கிறது. அந்த 80 விழுக்காட்டையும் தக்கவைத்த நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலேயே, அழிந்த 20 விழுக்காட்டோடு தீ, மரவெட்டு, துண்டாடல் ஆகியவையும் சேர்ந்ததால், உயிரினங்களைக் காக்கும் காட்டின் மதிப்பில் 39 முதல் 54 விழுக்காடு போய்விட்டிருந்தது. சட்டத்தை மதித்த இடத்தின் நிலை இது.

கணக்கில் வராத காடு

நெருப்பு தாழ எரிவதால் கூரை அதை மறைக்கிறது. வெப்பத்தை உணரும் செயற்கைக்கோள்கள் மேய்ச்சல் நிலத்துத் தீயை உடனே காட்டும். மரங்களுக்கடியில் ஊரும் தீயைப் பல நேரம் தவறவிடும். மரங்கள் செத்து இலை உதிர்ந்த பிறகு அந்தத் தழும்பு படத்தில் தெரியும், ஓரிரு ஆண்டில் கொடியும் மென்மரமும் மூடிவிட்டால் அதுவும் மறையும். டக்ளஸ் மோர்ட்டன் குழு பல ஆண்டுப் படங்களை ஒன்றோடொன்று பொருத்தி இந்தத் தடங்களைத் தேடியது. 1999–2010க்குள் தெற்கு அமேசானில் 85,500 சதுர கிலோமீட்டருக்கு மேல் கீழ்த்தளத் தீ பரவியிருந்தது. அங்குள்ள காட்டில் அது 2.8 விழுக்காடு. அவர்கள் கண்டதில் கூர்மையான செய்தி வேறொன்று. காடழிப்பு அதிகமான ஆண்டுகளும் கீழ்த்தளத் தீ அதிகமான ஆண்டுகளும் ஒன்றாக வரவில்லை. கீழ்த்தளத் தீ வறட்சியைப் பின்தொடர்ந்தது.

காடழிப்பைக் குறைத்தால் தீயும் தானே குறையும் என்ற நம்பிக்கை இங்கே அடிபடுகிறது. 2004க்குப் பின் பத்தாண்டுகளில் பிரேசில் காடழிப்பை முக்கால் பங்கு குறைத்துக் காட்டியது; பெரிய சாதனை. ஆனால் 2015 வறட்சியில் தீ நிகழ்வுகள் முந்தைய 12 ஆண்டுச் சராசரியைவிட 36 விழுக்காடு கூடின. பற்றவைக்கும் கைகள் குறையவில்லை. இருக்கும் மேய்ச்சல் நிலங்களை ஆண்டுதோறும் எரிக்கும் வழக்கம் அப்படியே தொடர்ந்தது.

பணமும் காடழிப்பு எண்ணின் பின்னால்தான் போகிறது. 2008இல் பிரேசில் தொடங்கிய அமேசான் நிதிக்கு நார்வேயும் ஜெர்மனியும் தந்த தொகை, காடழிப்பால் வரும் கரிம வெளியேற்றம் குறைந்ததற்கான பரிசு. அளக்க எளிதானதை அளந்து அதற்குப் பணம் கொடுத்தது புரிந்துகொள்ளக்கூடியதே. நின்றபடி எரிந்த காட்டின் கரிமம் அந்தப் பேரேட்டில் நெடுங்காலம் ஏறவேயில்லை.

தீயணைப்பைப் பற்றிப் பேசினால் விமானம், ஹெலிகாப்டர் என்று கற்பனை ஓடும். அடர்ந்த கூரைக்கு மேலிருந்து கொட்டும் நீரில் கொஞ்சம்தான் தரைக்குப் போய்ச் சேரும். மழைக்காட்டின் முதல் தீயை நிறுத்துவது பழைய உத்திதான். தீக்கு முன்னால் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சருகையும் வேரையும் மண் தெரிய வாரித் தள்ளிவிட்டு, கனலும் கட்டை அந்தக் கோட்டைத் தாண்டி உருளாமல் நாள்கணக்கில் காவலிருப்பது. ஆள்கள்தான் வேண்டும், அவர்கள் காட்டுக்குள் போய்ச்சேரப் பாதை வேண்டும். தீ இன்னும் முழங்காலுக்குக் கீழே இருக்கும்போது வர வேண்டும். இரண்டாவது தீயில் இந்த உத்தி பல இடங்களில் எடுபடாது.

வறட்சி சொல்லாமல் வருவதுமில்லை. பசிபிக்கின் நடுப்பகுதியும் வட அட்லாண்டிக்கின் வெப்பமண்டலப் பகுதியும் சூடேறுவதை வைத்து, அமேசானின் தீக்காலம் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று சில மாதங்களுக்கு முன்பே கணிக்க முடியும் என்பது 2011 முதல் தெரிந்த விஷயம். பிரேசில் 2024 ஜூலை 31இல் நிறைவேற்றிய ஒருங்கிணைந்த தீ மேலாண்மைச் சட்டம், தீயை முற்றாகத் தடைசெய்வதற்கு மாறாக எங்கே, எப்போது, யார் எரிக்கலாம் என்று வகுக்கவும், பழங்குடிகளின் தீப் பயன்பாட்டை ஏற்கவும், தீயணைப்புப் படைகளை நிலைப்படுத்தவும் முயல்கிறது. செஹாடோ போன்ற, தீ தேவைப்படும் புல்வெளிகளுக்கு இது சரியான மருந்து. மழைக்காட்டுக்கு அதே மருந்தை அதே அளவில் கொடுக்கக் கூடாது. எரிபொருளைக் குறைக்க முன்கூட்டியே கொஞ்சம் எரித்துவிடும் உத்தி சவன்னாவுக்கு ஏற்றது. மழைக்காட்டில் அந்த முன்கூட்டிய எரிப்பே முதல் தீ ஆகிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், என் பார்வையில், 2023–24இல் முதன்முறையாக எரிந்த காடுகளின் ஓரங்களிலிருந்து. கைபடாத காடு தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும். மூன்று முறை எரிந்ததை மீட்பது பெருஞ்செலவு. ஒருமுறை எரிந்த காட்டில் பெருமரங்கள் பாதியாவது நிற்கின்றன, விதை இருக்கிறது, கூரை மூடத் தொடங்கியிருக்கிறது. அவற்றைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களில் வறண்ட ஆண்டுகளில் மட்டுமாவது எரிப்பு நிற்க வேண்டும், சருகு வாரிய கோடு தயாராக இருக்க வேண்டும், வறண்ட மாதங்களுக்கு மட்டும் தற்காலிகமாக ஆள் எடுக்கும் வழக்கம் போய், ஆண்டு முழுவதும் சம்பளம் வாங்கும் படை அருகில் இருக்க வேண்டும். வானிலை பழைய கணக்கில் நடந்தால் இரண்டு எல் நினோக்களுக்கு இடையே இரண்டு முதல் ஏழு ஆண்டுகள். அந்தக் காடுகளுக்கு இருக்கும் அவகாசம் அதுதான்.